வாடுவதற்குள் ஒரு கல்யாணம்

தை மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொண்டு மேடை முழுக்க மல்லிகைச் சரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போய் வர வேண்டும். வெயில் காலத்தில் கிலோ 200, 300 ரூபாய்க்கு இறங்கி, வாங்க ஆளில்லாமல் சென்ட் ஃபேக்டரிக்கு வண்டியேறுகிற அதே மல்லி, தையில் 3,000 ரூபாயைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். மல்லிச் செடிக்கு வெயில் வேண்டும். பனி கொட்டினால் மொக்கு சிறுத்துப்போகும், வரத்து குறையும். மார்கழி முழுக்கக் காத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் வரிசை கட்டி வரும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

என் தங்கைக்குத் தேதி தையில்தான் அமைந்தது. ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நிச்சயம் முடிந்த கையோடு போனில் படங்களாக அனுப்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் வெளிநாட்டுத் தோட்டங்களில் நடந்த கல்யாணங்கள். வெளிர் நிறத் துணி, காய்ந்த புல் கொத்து, மர நாற்காலி, பழைய கண்ணாடி பாட்டிலில் ஒற்றை ரோஜா. "அக்கா, காசு குடுத்து ஸ்டேஜ் செட்டிங் வேண்டாம். எல்லாமே நம்ம கையால பண்ணலாம், அந்தந்த சீசன்ல கெடைக்கறத வெச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது. படங்கள் பிடிக்கவில்லை. அவற்றில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் ஊரில் இலையுதிர் காலத்தில் காய்ந்து நிற்கிற புல்லை அவர்கள் வெட்டி ஜாடியில் வைக்கிறார்கள், அது அவர்களுக்கு சீசன். அதையே நாம் இறக்குமதிப் பூக்கடையில் காசு கொடுத்து வாங்கி, லாரியில் கோபிக்குக் கொண்டுவந்து மேடையில் செருகினால் அதில் சீசனும் இல்லை, கைவேலையும் இல்லை. எங்கள் பக்கம் தையில் என்ன பூத்திருக்கும், என்ன காய்ந்திருக்கும், என்ன அறுப்புக்கு நிற்கும் என்று பார்த்துவிட்டு அப்புறம் மேடையைப் பற்றிப் பேசலாம் என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டாள். படம் அனுப்புவதை மட்டும் நிறுத்தவில்லை.

கொங்கு நாட்டில் மார்கழி கடைசி நாள் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வீட்டு வாசல், கட்டுத்தறி, காடு, கிணற்று மேடு என்று ஒன்று விடாமல் செருகி வைப்பார்கள். இதில் பூளைப்பூ இருக்கிறதே, அதை நாங்கள் காப்புக் கட்டைத் தாண்டி யோசித்ததே இல்லை. வாய்க்கால் மேட்டிலும் தரிசு நிலத்திலும் யாரும் விதைக்காமல் தானாக வளரும். வெள்ளையாக, மெத்தென்று, கம்பு நெடுகப் பூத்திருக்கும். வெட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் மாசக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். தங்கை அனுப்பிய வெளிநாட்டுக் காய்ந்த புல்லுக்கு எங்கள் ஊரில் பதில் இதுதான். ஒரு கொத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "இது நம்ம காட்டுலயா இருக்கு?" என்று கேட்டாள். அவள் பத்தாவது படிக்கும்வரை வருஷா வருஷம் வாசலில் செருகிய பூ.

அப்புறம் நாணல். பவானி ஆற்றங்கரையில் மழை ஓய்கிற சமயம், ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். தை வரைக்கும் காத்திருந்தால் எல்லாம் பறந்துபோய் வெறும் குச்சிதான் மிஞ்சும். அதனால் பூ முழுதாக விரிவதற்கு முன்பே வெட்டிக் கட்டி மச்சில் தொங்கவிட்டோம். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அதன்மேல் லேசாக அடித்தால் பஞ்சு பறப்பது குறையும். இதைத் தங்கைதான் எங்கேயோ பார்த்துச் சொன்னாள். நாணலுக்கு ஹேர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்த என்னை அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இது போகத் தையில் மஞ்சள் கிழங்கோடு நிற்கும், கரும்பு நிற்கும். தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் நெல் கதிர் பிடித்திருக்கும். காட்டுச் சோளம் அறுத்துத் தட்டுப் போராகியிருக்கும். பூவில் செவ்வந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி. மல்லியை விட்டுவிட்டுப் பார்த்தால் தை ஒன்றும் வறண்ட மாதம் இல்லை. அதிலும் மஞ்சள் கொத்து இருக்கிறதே, இலையும் தண்டும் கிழங்கும் மண்வாசனையும் சேர்ந்து, அதைவிட ஒரு நல்ல மேடை அலங்காரத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் போட்டார்கள், பெருமைப்பட்டோம். ஆனாலும் எங்கள் மாவட்டத்துக் கல்யாண மேடையில் தாய்லாந்து ஆர்க்கிட்தான் நிற்கிறது.

நோட்டில் நான் முதலில் மேடைப் படம் வரையவில்லை. ஒவ்வொரு பொருளும் செடியை விட்டு வந்தபிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதினேன். இந்த வேலையில் நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். கையால் செய்கிற அலங்காரத்தில் அழகு எல்லோருக்கும் வரும். தவறுவது நேரம். பந்திச் சமையல் மாதிரி, ஊறுகாய் ஒரு மாசம் முன்னால், முறுக்கு ஒரு வாரம் முன்னால், பாயசம் இறக்கின சூட்டோடு. எது எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

பூளையும் நாணலும் சோளக்கதிரும் மாசக்கணக்கில் இருக்கும், அவற்றை முன்கூட்டியே முடித்து மூட்டை கட்டிவிடலாம். மணமேடையில் அடுக்குகிற பானைக்கு வண்ணம் தீட்டுவது ஒரு வாரத்துக்கு முன்னால். முளைப்பாலிகைக்கு அஞ்சு நாள், ஏழு நாள் என்று வீட்டுக்கு வீடு கணக்கு உண்டு. மாவிலை ரெண்டு நாள் தாங்கும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் ஈரச் சாக்கில் வைத்தால் அதே அளவு தாங்கும். குருத்தோலை முந்தின நாள் மதியத்துக்கு மேல்தான் வெட்ட வேண்டும். மாக்கோலம் ராத்திரி ஊர் அடங்கின பிறகு. மல்லி எல்லாவற்றுக்கும் கடைசி.

இதில் முளைப்பாலிகையைப் பற்றி யாரும் அலங்காரம் என்று நினைப்பதே இல்லை. மண் கிண்ணத்தில் எருவும் மண்ணும் போட்டு நவதானியம் விதைத்து, சுமங்கலிகள் தண்ணீர் தெளித்து, கல்யாணம் முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ விடுவது சடங்கு. நாங்கள் சடங்குக்கு ஒன்பது கிண்ணமும், அது போகச் சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் வைக்க நிறையவும் விதைத்தோம். பச்சைப்பயறு ரெண்டே நாளில் தலை தூக்கிவிடும், நெல் நிதானமாக வரும், எள்ளு வந்தால் வரும். எல்லாம் ஒரே உயரத்தில் வேண்டும் என்றால் நெல்லை முதலில் ஊறவைத்து, பயறைக் கடைசியில் போட வேண்டும். இருட்டு அறையில் வைத்தால் இளமஞ்சளாக நீண்டு வளரும், வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாகப் பச்சையாக வரும். கோயில் முளைப்பாரி அந்த மஞ்சள் நிறத்துக்காகத்தான் இருட்டில் வளர்க்கப்படுகிறது. நாங்கள் ரெண்டு விதமாகவும் வளர்த்தோம். பந்தியில் உட்கார்ந்த குழந்தைகள் பயறு முளையைப் பிடுங்கித் தின்றுவிட்டன என்பது வேறு விஷயம்.

குருத்தோலைக்கு வருகிறேன். தோரணம் கட்ட வேண்டும் என்று அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், போய்க் குருத்து கேட்டேன். தோப்பு நிறைய மரம் வைத்திருக்கிறவர், தாராளமாகத் தருவார் என்று நினைத்தேன். "ஏங் கண்ணு, தென்னை மாசத்துக்கு ஒரு மட்டைதான் உடும். ஒவ்வொரு மட்டை கக்கத்துலயும் ஒரு பாளை. நீ ஒரு குருத்த வெட்டுனா ஒரு கொலை போச்சுன்னு வெச்சுக்கோ" என்றார். தென்னையின் கணக்கு உண்மையில் அதுதான். வருஷத்துக்கு ஏறக்குறையப் பன்னிரண்டு மட்டை, மட்டைக்கு ஒரு பாளை. வாழை அப்படி இல்லை. ஒருமுறை குலை தள்ளியதும் அந்த மரத்தின் ஆயுசு முடிந்தது, எப்படியும் வெட்டத்தான் வேண்டும், பக்கத்தில் கன்று தயாராக நிற்கும். அதனால் வாசலில் குலையோடு வாழை கட்டுவதில் மரத்துக்கு நஷ்டமே இல்லை. தென்னங்குருத்து அப்படியல்ல, வெட்டினால் மரத்தின் நாளைய காய்ப்பிலிருந்து எடுக்கிறோம்.

கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். காய்ப்பு நின்றுபோன கிழட்டு மரங்கள் கிழக்கு வேலியோரம் இருந்தன. எப்படியும் அந்த வருஷம் வெட்டுவதாக இருந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மரமேறியை வரச்சொல்லி அவற்றில் மட்டும் குருத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நம் ஊரில் பெரிய பெரிய விழாக்களுக்கு மேடை முழுக்கக் குருத்தோலை வேய்ந்திருப்பதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அப்புச்சியின் கணக்குதான் ஓடுகிறது.

இளங்குருத்து வெட்டும்போது பால் மஞ்சளில் இருக்கும். வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே ஓரம் சுருளும். ஈர வேட்டியில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, பின்னும்போது மட்டும் ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பின்னுவதற்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். கோயில் நோம்பிக்கு, திருவிழாவுக்குத் தோரணம் கட்டுகிறவர். கத்தி பேருக்குத்தான், பெரும்பாலும் நகத்தாலேயே கிழித்து மடித்து ஓலையில் குருவி செய்துவிடுகிறார். கல்யாணத் தோரணத்தில் குருவியின் தலை மேலே பார்க்க வேண்டும், சாவு வீட்டுத் தோரணத்தில் கீழே பார்க்கும், குருவியின் எண்ணிக்கையும் வேறு என்றார். மாமா பையன்கள் ஒரு சரத்தை அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்க, அவர் ஒன்றும் பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர்களே மறுபடி ஏறும்வரைக்கும். கிளி, பாம்பு, கிலுகிலுப்பை என்று குழந்தைகளுக்கு அவர் செய்து கொடுத்ததுதான் அன்றைக்கு எங்கள் வீட்டின் மிகப் பெரிய கேளிக்கை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய காலத்தில் கல்யாணத்துக்கு எல்லாமே கையால் செய்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். யார் கையால்? மணமேடையில் அடுக்குகிற அரசாணிப் பானை செய்தவர் குயவர். பந்தலுக்கு மேல்கட்டாக வெள்ளைத் துணி கட்டியவரும் நடந்து வர நடைபாவாடைத் துணி விரித்தவரும் வண்ணார். மாலை தொடுத்தவர் பண்டாரம். இவர்களுக்கு யாரும் மணிக்கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்ததில்லை. களத்தில் வருஷத்துக்கு ஒருமுறை தானியம் அளந்தார்கள், விசேஷத்துக்கு ஒரு வேட்டி, கடைசிப் பந்தியில் சாப்பாடு. வீட்டுக்குள்ளே மிச்ச வேலை முழுக்கப் பெண்கள் தலையில். அந்தப் பழைய அழகைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் அந்தப் பழைய கணக்கையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடக் கூடாது.

அதனால் வெளியாள் யாராக இருந்தாலும் கூலியை முன்கூட்டியே பேசி, வேலை முடிந்த அன்றே கையில் கொடுப்பது, எல்லோருக்கும் முதல் பந்தியில் இலை போடுவது என்று வைத்துக்கொண்டேன். வீட்டு ஆட்கள் என்றால் ஆண்களும் உட்கார்ந்து தொடுக்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்களுக்குப் பூக் கட்டத் தெரியாது அம்மிணி" என்று பெரியப்பா நழுவப் பார்த்தார். மாட்டுக்குக் கயிறு திரிக்கத் தெரிந்தவருக்கு வாழைநாரில் முடிச்சுப் போடத் தெரியாதாம்.

கைவேலைக் கல்யாணம் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மலிவாகத் தெரிந்தால் யாரோ ஒருவருடைய கூலி கணக்கில் வராமல் இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு மண்டபத்து டெக்கரேஷன் பேக்கேஜைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகவில்லை. அதே காசு வேறு கைகளுக்குப் போனது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

அரசாணிப் பானைக்கு வண்ணம் தீட்டியது என் சொந்த ஆசை. மணமேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற பானைகள் இப்போது பெயின்ட் அடித்து, சம்கி ஒட்டி, கண்ணாடி பதித்துக் கடையில் வாடகைக்குக் கிடைக்கின்றன. நாங்கள் சுடுமண் நிறம் அப்படியே தெரியட்டும் என்று விட்டு, சுண்ணாம்பிலும் காவியிலும் மட்டும் கோடு போட்டோம். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் சுண்ணாம்பு தீட்டும்போது ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும்பி வரும். போட்டது போதவில்லை என்று மேலே மேலே தீட்டினால் பொருக்குத் தட்டி உதிரும். பானைக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "சித்தெ பொறுங்க, அது காஞ்சா தெரியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் வருவதற்குள் தெரிந்தது.

மண்டபத்துக்காரரோடு நடந்த பேச்சுவார்த்தை தனிக் கதை. "உள்ள டெக்கரேஷன் எங்க ஆளுதானுங்க. வெளியாளுன்னா தனியாக் காசு கட்டணும்" என்றார் மேனேஜர். வெளியாள் இல்லை, வீட்டாள்தான் என்றோம். "வீட்டாளா இருந்தாலும் ஆணி அடிக்கக் கூடாதுங்க, செவத்துல டேப் ஒட்டக் கூடாதுங்க, தரையில கறை ஆகக் கூடாதுங்க." மூன்றையும் ஒத்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு தொகையும் கட்டினோம். மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி இருக்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள், கையால் அலங்காரம் செய்யப்போகிறோம் என்றால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும் என்பதையும். எங்கள் மண்டபத்தில் முந்தின நாள் மதியம் மூன்று மணிக்குத்தான். அன்று சாயங்காலமே ரிசப்ஷன்.

ஆணி இல்லாததற்கு மூங்கில் சட்டம்தான் மருந்து. பந்தல்காரர் ஒருவர் தேங்காய்நார்க் கயிற்றால் சட்டங்களை வீட்டிலேயே கட்டிப் பார்த்து, பிரித்து, எண் போட்டு வைத்துக்கொண்டார். மண்டபத்தில் மணல் நிரப்பிய தகர டின்களில் கால்களை ஊன்றி நிறுத்தினோம். சுவரைத் தொடவே இல்லை. பின்னால் திரையாக அம்மாவுடையதும் பெரியம்மா, அத்தைகளுடையதுமான பழைய நூல் சேலைகள். ஒவ்வொன்றும் யாருடைய சேலை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று மேடைக்குக் கீழே நின்று ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. மேடையில் சிவப்புக் கம்பளத்துக்குப் பதில் பவானி ஜமக்காளம், நல்ல தடியான கோடு போட்டது.

தரைதான் சிக்கல். மாக்கோலம் சாணி மெழுகிய வாசலுக்கும் சிமென்ட் தரைக்கும் ஆனது. பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்து, துணியை நனைத்து விரலிடுக்கில் பிழிந்து இழுத்தால் கம்பி கம்பியாக விழும், காய்ந்ததும் பளிச்சென்று இருக்கும். பளபளக்கிற வெள்ளை டைல்ஸில் அது தெரியவும் தெரியாது, ஒட்டவும் ஒட்டாது, மிதித்தால் வழுக்கும். வயசானவர்கள் நடக்கிற இடம். அதனால் உள்ளே தரையில் போடாமல், மனைப்பலகைகளுக்கும் நீளமான பலகைகளுக்கும் காவி பூசி அதில் சின்னம்மா கோலம் போட்டு, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டோம். வெளியே மண் வாசலில் மட்டும் ஆசை தீரப் பெரிய கோலம். சின்னம்மாவும் அவர் தோழிகளும் ராத்திரி ஆரம்பித்தார்கள். அவர்கள் எப்போது முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தூங்கிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு வருத்தம். "ஏனுங் கண்ணு, மேடையில பேரு இல்லாம எப்படி? போட்டோவப் பாத்தா யாரு கல்யாணம்னு தெரிய வேண்டாமா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. தெர்மாகோல் எழுத்தை வெட்டி ஒட்ட எங்களுக்கு மனசில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை. எழுத்துக்குத் தடை இல்லை, ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் பின்னால் உடைந்து கிடக்கிற மணப்பெண் பெயரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதிலுக்குப் பத்தமடையில் சொல்லிப் பாய் நெய்தோம். திருநெல்வேலிச் சீமையில் கோரையில் நெய்கிற பட்டுப்பாயில் மணமக்கள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்து கொடுப்பார்கள், காலங்காலமாகக் கல்யாணத்துக்கு என்றே செய்கிற பாய் அது. ரொம்ப முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும், மெல்லிசான கோரை என்றால் நெய்ய நாள் பிடிக்கும். அதைச் சேலைத் திரைக்கு நடுவில் தொங்கவிட்டோம். சம்பந்தியம்மா தடவிப் பார்த்துவிட்டு, "இத நான் வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்" என்றார். கொண்டும் போனார்.

பூவுக்கு வருவோம். மல்லியை மேடையிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, தலையில் வைக்கிற பூவுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். இதில் விலையைவிட முகூர்த்த நேரம்தான் முக்கியமான காரணம். மல்லியை விடியற்காலையில் மொக்காகப் பறிப்பார்கள், சாயங்காலம் இருட்டும்போது விரியும், மறுநாள் காலை வாட்டம் தட்டும். காலை ஆறு, ஏழு மணி முகூர்த்தத்துக்கு அன்றைக்குப் பறித்த பூ வந்து சேராது. முந்தின நாள் மொக்கை விரியாமல் குளிரில் பிடித்து வைத்தால்தான் உண்டு. தெர்மாகோலை ஒழித்துக் கட்டிய எங்கள் கல்யாணத்திலும் மல்லி வந்து இறங்கியது ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில்தான். மணமாலைக்குச் சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும், இடையிடையே மரிக்கொழுந்து. மேடைக்குச் செவ்வந்தி, கோழிக்கொண்டை, மஞ்சள் கொத்து, நெற்கதிர், பின்னால் நாணலும் பூளையும்.

அரளி விலை குறைவு, நிறமும் பிரமாதம், ரெண்டு நாள் வாடாது. ஆனால் செடி முழுக்க விஷம். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் சாப்பாட்டு மேஜையிலும் வைக்கக் கூடாது. மாலைக்கு ஓரளவு சரி என்றாலும், எங்கள் வீட்டில் மிஞ்சின பூவும் தழையும் மறுநாள் ஆட்டுப்பட்டிக்குத்தான் போகும், அங்கே ஒரு அரளிக் கொத்து கலந்துவிட்டால் உயிர்ச் சேதம். அதனால் வேண்டவே வேண்டாம் என்று விட்டோம். தங்கை செங்காந்தள் கேட்டாள், மாநிலப் பூவாயிற்றே என்று. தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதுவும் விஷச் செடி, பூப்பதும் மழைக்காலத்தில். தையில் பேச்சுக்கே இடமில்லை.

முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, செவ்வந்தியை மூங்கில் கூடைகளில் கொட்டி, குருத்தோலையை ஈரத் துணியோடு நடுவில் வைத்து. பிளாஸ்டிக் பையில் பூவைக் கட்டி வைத்தால் உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும், வாழையிலை போட்ட கூடைதான் சரி. மாப்பிள்ளை வீட்டார் சிலரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். யார் எந்த வீட்டு ஆள் என்று தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொடுத்தவர்கள், மறுநாள் முகூர்த்தத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா பாட்டுப் பாடிக்கொண்டே கட்டிய சரம் எங்கள் எல்லோருடையதையும்விட நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. சின்ன வயதில் அவர் அம்மா கோயில் வாசலில் பூ விற்றவர் என்று அப்போதுதான் சொன்னார். பெரியப்பா கட்டிய சரத்தை யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டோம். அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

மறுநாள் மதியம் மண்டபத்தைக் காலி செய்வதற்கு டெம்போ ஒன்றே போதுமாக இருந்தது. வாழை, கரும்புத் தோகை, தோரணம், பூ எல்லாம் பட்டிக்கும் குப்பைக்குழிக்கும். வாழைக்காய் அன்று ராத்திரியே வறுவல். மஞ்சள் கிழங்கைச் சம்பந்தி வீடும் நாங்களும் பாதிப் பாதி. பானைகளைக் கேட்டவர்கள் எடுத்துப் போனார்கள். நாணல் மட்டும் யாருக்கும் வேண்டாம், ஹேர் ஸ்ப்ரே அடித்ததால் ஆட்டுக்கும் போட முடியாது. இன்னும் எங்கள் மச்சில்தான் கிடக்கிறது.

இப்போது சித்தப்பா மகளுக்கு ஆவணியில் தேதி குறித்திருக்கிறார்கள். அவளும் பூளைப்பூவைக் கேட்டாள், கல்யாணப் படத்தில் பார்த்தாளாம். அது மார்கழிக்குத்தான் நன்றாகப் பூக்கும், ஆவணியில் தேடி அலையாதே என்றேன். அப்போது மஞ்சளும் கிழங்கு வைத்திருக்காது, ஆனால் பச்சை இலை செழிப்பாக நிற்கும், வாசலுக்கு அதை வைக்கலாம். ஓணமும் ஆவணியில்தான் வருகிறது. அந்த வாரம் எங்கள் பக்கத்துச் செண்டுமல்லி, செவ்வந்தி, வாடாமல்லி எல்லாம் கேரளாவுக்கு லாரி ஏறிவிடும், விலையும் ஏறும். ஓணம் முடிந்ததும் இறங்கும். அவள் தேதி ஓணத்துக்கு அப்புறம்தான் வருகிறது என்பதால் செண்டுமல்லிக்கு இப்போதே ஒரு தோட்டக்காரரிடம் பேசி வைக்கலாம். அதற்கு முன்னால் மண்டபத்தில் ஆணி அடிக்க விடுவார்களா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.